இரும்புக்கு மானியம் உண்டு, சாப்ட்வேருக்கு?

கோவை கணபதி பக்கம் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் டீக்கடையில் வைத்துக் கேட்டார். "எல்லாரும் டிஜிட்டல் டிஜிட்டல்ங்கறாங்க, மானியம் இருக்குதுன்னும் சொல்றாங்க. நம்மள மாதிரி ஆளுக்கு எது தோதுப்படும்ங்க?" ஆறு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் கடையும் இயந்திரம்), இரண்டு ஷிஃப்ட், பதினாலு பேர், பம்புக்கும் வால்வுக்கும் உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் வேலை. அவர் கையில் மூன்று கொட்டேஷன் இருந்தது. ஒன்று இயந்திரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று மொபைலில் காட்டும் கண்காணிப்பு ஏற்பாடு, இன்னொன்று ஈஆர்பி (ஆர்டர், உற்பத்தி, ஸ்டாக் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் சாப்ட்வேர்), மூன்றாவது ஒரு புது விஎம்சி (செங்குத்து ஸ்பிண்டிலில் வெட்டிக் குடையும் சிஎன்சி இயந்திரம்). எதை மானியத்தில் வாங்குவது, எதைச் சொந்தக் காசில் வாங்குவது, எதை வாங்காமலே விடுவது என்பதுதான் கேள்வி.

டீ ஆறும் வரை பேசியும் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கிடைக்கும் பெரிய மானியம் எல்லாம் இரும்புக்குத்தான். அதாவது இன்வாய்ஸில் இயந்திரம் என்று எழுதி, தரையில் போல்ட் போட்டு நிறுத்தக்கூடிய பொருளுக்கு. மாதாமாதம் சந்தா கட்டி ஓட்டும் சாப்ட்வேர் அந்தக் கணக்குக்குள் வராது. அதனால் "டிஜிட்டல் மானியம்" என்று ஒரே பெயரில் தேடினால் கிடைக்காது, நாலைந்து திட்டங்களுக்குள் துண்டு துண்டாக ஒளிந்திருப்பதை நாம்தான் பொறுக்க வேண்டும்.

வெளிநாட்டில் இதற்கென்றே நேரடித் திட்டங்கள் இருக்கின்றன, வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள் பலவும் அதைப் பார்த்துச் செய்தவைதான். இங்கிலாந்தில் சீமென்ஸின் அங்குள்ள தலைவராக இருந்த யுர்கன் மேயர் தலைமையில் 2017இல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து மேட் ஸ்மார்ட்டர் என்ற திட்டம் வடமேற்கு இங்கிலாந்தில் முதலில் தொடங்கியது. சிறு உற்பத்தியாளர் ஒரு டிஜிட்டல் கருவியோ சாப்ட்வேரோ போட்டால் செலவில் பாதி, 20,000 பவுண்டு வரை என்று கொடுத்தார்கள். காசுக்கு முன்னால் ஓர் ஆலோசகர் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு எது தேவை" என்று திட்ட வரைபடம் போட்டுத் தருவார். சிங்கப்பூரில் பிஎஸ்ஜி (Productivity Solutions Grant) என்று ஒரு மானியம் இருக்கிறது. அரசே முன்கூட்டி ஒப்புக்கொண்ட சாப்ட்வேர்கள், விற்பனையாளர்கள் பட்டியல் இருக்கும், அதிலிருந்து எடுத்தால் பாதிச் செலவு, ஆண்டுக்கு 30,000 சிங்கப்பூர் டாலர் வரை. அங்கே காசு கட்டிவிட்டு விண்ணப்பித்தால் கதை முடிந்தது, முதலில் விண்ணப்பம், பிறகுதான் வாங்க வேண்டும்.

நம் ஊரின் பெரிய மானியம் இதற்கு நேர் தலைகீழ். முதலில் வாங்கு, ஓட்டு, பிறகு வந்து கேள். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் ஏமாந்த மாதிரி உணர்கிறார்கள்.

பெரிய மீன்: 25 சதவீத முதலீட்டு மானியம்

மாநில அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) கொள்கை 2021இல் வந்தபோது, தகுதியான இயந்திரத் தளவாடங்களின் மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் என்று வைத்தார்கள். குறு நிறுவனமென்றால் மாநிலத்தில் எங்கிருந்தாலும் கேட்கலாம். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இடம் அல்லது துறை பார்ப்பார்கள், அதாவது தொழிலில் பின்தங்கிய ஒன்றியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அரசு முன்னுரிமை கொடுக்கும் தொழிலாக இருக்க வேண்டும். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் நடத்தும் நிறுவனங்களுக்குக் கூடுதல் மானியமும் உண்டு.

இதில் ஒரு நல்ல செய்தி. 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு எம்எஸ்எம்இ வரையறையின் வரம்புகளை உயர்த்திவிட்டது. குறு நிறுவனத்துக்கு முதலீடு 1 கோடியிலிருந்து இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 5 கோடியிலிருந்து 10 கோடி. முன்பு சிறு நிறுவனம் என்று உத்யம் (மத்திய அரசின் எம்எஸ்எம்இ பதிவு) சான்றிதழில் வந்துகொண்டிருந்த பல ஏழெட்டு இயந்திரப் பட்டறைகள் இப்போது குறுவில் விழும். உத்யம் தளம் வருமான வரிக் கணக்கிலிருந்தும் ஜிஎஸ்டியிலிருந்தும் எண்களை எடுத்துக்கொள்வதால், உங்கள் சான்றிதழில் இப்போது என்ன வகை போட்டிருக்கிறது என்று ஒருதரம் இறக்கிப் பாருங்கள். என் நண்பர் 2020இல் எடுத்த சான்றிதழைப் பிரேம் போட்டு மாட்டிவிட்டு அதன்பிறகு அந்தத் தளத்துப் பக்கமே போகவில்லை.

சரி, இது டிஜிட்டலுக்கு எப்படி உதவும்? ஒரே வழிதான். புது இயந்திரம் வாங்கும்போது அதனோடேயே டிஜிட்டலை வாங்கிக்கொள்வது. விஎம்சி கொட்டேஷனில் கன்ட்ரோலரை நெட்வொர்க்கில் இணைக்கும் ஈதர்நெட் வசதி, டூல் அளவெடுக்கும் புரோப், கடையும் பாகத்தை அளக்கும் ஒர்க்பீஸ் புரோப், ஆட்டோ டோர், இயந்திரத்தின் நிலையைக் காட்டும் டவர் லேம்ப் இதெல்லாம் "ஆப்ஷன்" என்று தனி வரியில் இருக்கும். பேரம் பேசும்போது விலையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இவைதான். நான்கூட ஒருமுறை அப்படி வெட்டியிருக்கிறேன். ஈதர்நெட் இல்லாமல் வந்த இயந்திரத்தில் பிறகு டேட்டா எடுக்க வேண்டுமென்றபோது, வெளியே ஒரு பெட்டி, அதற்கு ஒரு ஒயர், அதற்கு ஓர் ஆள் என்று செலவு வேறு வழியில் வந்து சேர்ந்தது. இயந்திரத்தோடு ஒரே இன்வாய்ஸில் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வந்தால் அது இயந்திரத்தின் பாகம், மானியக் கணக்கிலும் இயந்திரத்தின் மதிப்பாகவே நிற்கும். ஆறு மாதம் கழித்துத் தனியாக வாங்கினால் அது வேறொரு பில், அதற்காக நீங்கள்தான் வாதாட வேண்டியிருக்கும்.

ஆனால் இதைக் குறி வைத்து ஓடுவதற்கு முன் மூன்று விஷயம்.

பழைய இயந்திரத்துக்குக் கிடையாது, புதியதற்குத்தான். கோவையில் பாதிப் பட்டறை செகண்ட்ஹேண்ட் இயந்திரத்தில்தான் வளர்ந்தது என்பது தெரிந்தும் இந்த விதி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்து, ஏற்கெனவே ஓடும் பட்டறையென்றால் நீங்கள் வாங்குவது உண்மையான விரிவாக்கம் என்று காட்ட வேண்டும். ஒரு பழைய லேத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு சிஎன்சி வைப்பதை விரிவாக்கம் என்று சொல்வது கஷ்டம். மூன்றாவதுதான் முக்கியம். பணம் பின்னால்தான் வரும். முப்பது லட்ச ரூபாய் விஎம்சிக்கு ஏழரை லட்சம் மானியம் என்றால், அந்த ஏழரை லட்சத்தை நம்பி மார்ஜின் மணியை (கடன் போக நாம் போட வேண்டிய பங்கை) புரட்டக் கூடாது. மானியம் வரும்வரை தவணையும் சம்பளமும் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

யாரும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆடிட்டரைக் கேட்டால்தான் வாயைத் திறப்பார். அரசு மானியம் வந்த அளவுக்கு அந்தச் சொத்தின் அடக்க விலை வருமான வரிக் கணக்கில் குறையும், தேய்மானமும் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். 30 சதவீத வரி கட்டும் பார்ட்னர்ஷிப் நிறுவனமென்றால், ஏழரை லட்சத்தில் சுமார் இரண்டேகால் லட்சம் பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரியாகத் திரும்பிப் போய்விடும். ஐந்தேகால் லட்சம் கையில் நிற்கும். அதுவும் சும்மா வந்த காசுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "25 சதவீதம்" என்று நோட்டீஸில் அச்சடித்ததை அப்படியே மனசில் எழுதிக்கொண்டு விலை பேசாதீர்கள்.

வட்டி மானியம்: சத்தமில்லாத ஆள்

அடுத்த வழி, தொழில்நுட்ப மேம்பாட்டுக்கும் நவீனமாக்கலுக்கும் எடுக்கும் டெர்ம் லோனுக்கு மாநில அரசு தரும் 5 சதவீத வட்டி மானியம், 5 கோடி வரையிலான கடனுக்கு. வங்கி முழு வட்டியையும் எடுத்துக்கொள்ளும், பிறகு அரசு திருப்பிக் கொடுக்கும்.

இதையும் ஒரு கணக்கில் போட்டுப் பார்க்கலாம். அதே விஎம்சிக்கு 25 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்தாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 54,400 ரூபாய். ஐந்தாண்டில் மொத்த வட்டி ஏழரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் பதினொன்றில் ஐந்து பங்கு திரும்பி வந்தால் சுமார் மூன்றரை லட்சம். முதலீட்டு மானியத்தின் ஏழரை லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் பாதிகூட இல்லை.

இருந்தாலும் எனக்கு இது பிடிக்கும். விரிவாக்கம்தானா, இல்லை பழசை மாற்றியதா என்ற வாதம் இதில் குறைவு, நவீனமாக்கல் என்பதே திட்டத்தின் நோக்கம். என் நண்பர் மாதிரி பழைய இயந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதியது வைப்பவருக்கு முதலீட்டு மானியத்தைவிட இதுதான் இயல்பாகப் பொருந்தும். தவணை தவறக் கூடாது, அவ்வளவுதான். அதே சமயம் இரண்டு மானியத்தையும் ஒரே இயந்திரத்துக்குச் சேர்த்துக் கூட்டி, பதினோரு லட்சம் வரும் என்று கனவு காணாதீர்கள். ஏதாவது ஒன்று மட்டும்தான் வரும் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் இந்த இயந்திரம் கட்டுப்படியாகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

அடமானம் வைக்க இடமில்லாதவருக்கு சிஜிடிஎம்எஸ்இ என்ற நிதியம் வங்கிக்குத் தரும் கடன் உத்தரவாதம் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து அதன் வரம்பு 10 கோடி. இது மானியமல்ல, கட்டணம் கட்டி வாங்கும் உத்தரவாதம். கடனை நாம்தான் கட்ட வேண்டும். இதையும் மானியம் என்று சொல்லி விற்கும் ஏஜென்டுகள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

லீன்: இதில்தான் என் வாக்கு

மத்திய அரசின் எம்எஸ்எம்இ சாம்பியன்ஸ் திட்டத்துக்குள் லீன், அதாவது வேலையில் வீணாவதைக் குறைப்பது, என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2009இலேயே வேறு வடிவத்தில் இருந்ததை 2023 மார்ச்சில் புதுப்பித்தார்கள். ஆலோசகர் உங்கள் பட்டறைக்கு வந்து, 5எஸ் (பட்டறையை ஒழுங்காக அடுக்கி வைக்கும் முறை), செட்டிங் நேரம் குறைப்பது, இயந்திரப் பராமரிப்பு, கான்பான் (தேவைப்படும்போது மட்டும் அடுத்த வேலையை எடுக்கும் அட்டை முறை), தவறு நடக்கவே முடியாதபடி ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடித்து வைக்கும் சட்டம்) அமைப்பது என்று கூடவே இருந்து செய்து கொடுப்பார். அவருடைய கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும். முன்பு இது 80 ஆக இருந்தது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு இன்னும் 5 சதவீதம் கூடுதல். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி.

"இதில டிஜிட்டல் எங்கீங்க இருக்குது?" என்று நண்பரும் கேட்டார். இல்லைதான். ஆனால் நான் பட்ட பாட்டைச் சொன்னால் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஈஆர்பி வாங்கினேன். பெயர் வேண்டாம். மூன்று லட்சம், அப்புறம் "கஸ்டமைசேஷன்" என்று இன்னொரு லட்சம். ஒவ்வொரு ஜாப் கார்டையும் ஆபரேட்டர் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், எந்த ஆபரேஷன் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்‌ஷன் என்று. முதல் மாதம் ஏற்றினார்கள். இரண்டாம் மாதம் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக ஏற்றினார்கள். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் இயந்திரத்தை வேலைக்குத் தயார் செய்யும் செட்டரின் மேஜையில் பழைய அரைக்குயர் நோட்டைப் பார்த்தேன், எல்லாம் அதில் அழகாக எழுதியிருந்தது. "இது என்னப்பா?" என்றேன். "அண்ணா, அது நம்ம கணக்குங்ணா. கம்ப்யூட்டர்ல இருக்கறது உங்களுக்குங்ணா" என்றான். திட்டுவதா சிரிப்பதா தெரியவில்லை. அவன் மேல் தப்பில்லை. எங்கள் பட்டறையில் ஜாப் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதே தினம் காலையில் போனில் முடிவாகிக்கொண்டிருந்தது. எந்த வாடிக்கையாளர் அதிகம் கத்துகிறாரோ அவர் ஜாப் முதலில் ஏறும். அந்தக் குழப்பத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஏற்றினால் கம்ப்யூட்டரும் குழம்பத்தான் செய்யும்.

லீன் ஆலோசகர் வந்திருந்தால் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டிருப்பார். ஒரு ஜாப் உள்ளே வந்து சலான் போட்டு வெளியே போகும்வரை எத்தனை நாள் ஆகிறது, அதில் எத்தனை மணி நேரம் உண்மையிலேயே இயந்திரத்தில் இருந்தது என்று ஒரு சார்ட்டில் வரைந்து காட்டுவார்கள். பன்னிரண்டு நாள் உள்ளே இருந்த ஜாப் நாலு மணி நேரம்தான் கடையப்பட்டது என்று சுவரில் ஒட்டிப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். அதற்குப் பிறகுதான் எந்த இடத்தில் டேட்டா வேண்டும் என்று தெரியும். அதற்கு முன் வாங்கும் சாப்ட்வேர் எல்லாம் குருட்டாம்போக்கில் வாங்குவதுதான்.

குறையும் உண்டு. ஆலோசகர் நல்லவராக அமைவது கொஞ்சம் அதிர்ஷ்டம். சிலர் 5எஸ் என்று தரையில் மஞ்சள் கோடு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வருபவர் உங்கள் தொழிலில், ஃபவுண்டரியோ மெஷினிங்கோ கார்மென்ட்டோ, முன்பு வேலை செய்தவரா என்று முதல் நாளே கேளுங்கள். சாம்பியன்ஸ் திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும் என்று வகுக்கப்பட்டது, அதனால் விண்ணப்பிக்கும் நாளில் தளம் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெட் (ZED) சான்றிதழும் பீஸ் (PEACE) திட்டமும்

இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜெட் என்பது பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று மூன்று படியில் வரும் மத்திய அரசின் தரச் சான்றிதழ். கட்டணம் முறையே 10,000, 40,000, 90,000 ரூபாய். குறு நிறுவனத்துக்கு 80 சதவீதம், சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம் மானியம். பெண்கள் நடத்தும் நிறுவனமென்றால் முழுதும் இலவசம். பிரான்ஸுக்குப் பார்க்கும் ஐந்து விஷயங்களில் ஒன்று, சரக்கு சொன்ன தேதியில் போகிறதா என்று அளந்து வைத்திருக்கிறீர்களா என்பது. அதை ஒழுங்காகச் செய்ய முனைந்தாலே ஓர் எக்ஸெல் ஷீட்டாவது உருவாகிவிடும். பெரிய நிறுவனத்துக்கு வெண்டராகப் போக விரும்புபவருக்கு இது பயன்படும். கையோடு பிடித்துச் சொல்லிக் கொடுக்கவும் ஆலோசனைக்கும் ஒரு நிறுவனத்துக்கு 5 லட்சம் வரை என்று திட்டத்தில் இருப்பதும் உண்மை. ஆனால் சுவரில் மாட்டுவதற்காக மட்டும் எடுப்பதென்றால் வேண்டாம்.

பீஸ் என்பது மாநில அரசின் மின்சிக்கனத் தணிக்கைத் திட்டம். தணிக்கைச் செலவில் 75 சதவீதம், ஒரு லட்சம் வரை திரும்பக் கிடைக்கும், அதன்படி கருவிகளை மாற்றும் செலவிலும் ஒரு பகுதி உண்டு. ஃபவுண்டரி, ஹீட் ட்ரீட்மென்ட், பெரிய கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கு இது லாட்டரி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும்போது போய், கம்ப்ரஸரை மட்டும் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள், உஸ் உஸ் என்று எத்தனை இடத்தில் காற்று போகிறது என்று கேட்கும். ஆறு சிஎன்சிக்காரருக்கு இது இரண்டாம்பட்சம்தான், மின்கட்டணம் அவருக்கு அவ்வளவு பெரிய வலி இல்லை.

புதிதாகத் தொடங்கும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் என்று தனி வழி உண்டு, 25 சதவீதம், 75 லட்சம் வரை. ஏற்கெனவே ஓடும் பட்டறைக்கு அது பொருந்தாது.

யாரையும் கேட்காமல் சொந்தக் காசு

இப்போது அந்த மொபைலில் காட்டும் கண்காணிப்புக்கு வருகிறேன். ஏனென்றால் உண்மையில் செயல்திறனைக் கூட்டுவது பெரும்பாலும் இதுதான், இதற்குத்தான் மானியமும் இல்லை.

இது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. கன்ட்ரோலரில் ஈதர்நெட் இருந்தால் அதிலிருந்தே ஓட்டம், நிறுத்தம், அலாரம், பீஸ் எண்ணிக்கை எல்லாம் எடுக்கலாம். பழைய இயந்திரமென்றால் ஸ்பிண்டில் மோட்டாரின் ஒயரைச் சுற்றி ஒரு கரன்ட் சென்சாரை மாட்டினால் கடைகிறதா சும்மா நிற்கிறதா என்று தெரிந்துவிடும், இல்லையென்றால் டவர் லேம்பின் பச்சை, மஞ்சள், சிவப்பிலிருந்து சிக்னல் எடுக்கலாம். எடுத்த டேட்டாவை வைத்து ஓஈஈ (இயந்திரத்தின் மொத்தப் பயன்திறன்) என்று ஓர் எண் சொல்வார்கள். இயந்திரம் ஓட வேண்டிய நேரத்தில் 80 சதவீதம் ஓடியது, ஓடியபோது உரிய வேகத்தில் 85 சதவீதம் செய்தது, செய்ததில் 97 சதவீதம் நல்ல பீஸ் என்றால், மூன்றையும் பெருக்கினால் 66 தான் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது.

கணக்குக்காக ஒரு இயந்திரத்துக்கு மாதச் சந்தா 1,500 ரூபாய் என்று வைப்போம், ஆறுக்கு 9,000. இயந்திரம் ஓடும் ஒரு மணிக்கு வாங்கும் கூலி 400 ரூபாய். நாளொன்றுக்கு ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு மணி நேரம் வீணாவதைக் கண்டுபிடித்துத் தடுத்தால், 25 நாளில் 150 மணி நேரம், 60,000 ரூபாய். அரை மணி நேரம்தான் மீட்க முடிந்தது என்றாலும் 30,000. இதற்குப் போய் மானியம் எப்போது வரும் என்று பத்து மாதம் காத்திருந்தால், காத்திருந்த செலவே எந்த மானியத்தையும்விட அதிகம். ஒரு நிபந்தனை மட்டும் மறக்கக் கூடாது. மீட்ட நேரத்தில் ஏற்றுவதற்கு ஜாப் இருந்தால்தான் அது காசு. ஆர்டரே இல்லாமல் இயந்திரம் சும்மா நிற்கும் பட்டறையில் சென்சார் மாட்டினால், சும்மா நிற்பதை மொபைலில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சொந்தக் காசு என்றாலும் அரசு கொஞ்சம் திரும்பக் கொடுக்கத்தான் செய்கிறது, நாம் அதை மானியம் என்று எண்ணுவதில்லை. சாப்ட்வேருக்குக் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்பும். மாதச் சந்தா முழுதும் அந்த ஆண்டின் செலவு. ஒரேயடியாக உரிமம் வாங்கினால் கம்ப்யூட்டர், சாப்ட்வேருக்கு 40 சதவீதத் தேய்மானம், சாதாரண இயந்திரத்துக்கு 15 தான். படிவம் இல்லை, ஆபீஸ் படி ஏற வேண்டாம்.

ஏஜென்ட் வைத்து விண்ணப்பிப்பது பற்றியும் நண்பர் கேட்டார். மானியத்தில் பத்து சதவீதம் கேட்கிறாராம் ஒருவர். மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போனால் ஆள் இருக்கிறார்கள், உட்கார வைத்துப் பேசுவார்கள், படிவமும் இணையத்தில்தான். இயந்திர இன்வாய்ஸ், வங்கிக் கடன் ஆணை, பணம் கட்டிய சான்று, உத்யம், ஆடிட்டர் சான்றிதழ் இவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைக்க ஓர் ஆளுக்கு இரண்டு நாள் வேலை. ஏழரை லட்சத்தில் பத்து சதவீதம் 75,000 ரூபாய். இரண்டு நாளுக்கு அவ்வளவு சம்பளம் வாங்கும் ஆள் நம் பட்டறையில் யாரும் இல்லை என்றேன், சிரித்தார்.

இனி அவர் விஷயத்தில் நாங்கள் பேசி முடித்தது. ஈஆர்பி கொட்டேஷனை மடித்து டிராயரில் வைத்தாயிற்று, டேலியும் ஒரு ஷீட்டும் இன்னும் ஓராண்டுக்குப் போதும். லீன் இடைநிலைக்கு விண்ணப்பம். கண்காணிப்பை ஆறு இயந்திரத்திலும் போடாமல், அதிகம் நிற்கிற இரண்டில் மட்டும் சொந்தக் காசில், மூன்று மாதத்துக்கு. விற்பவர் ஆறுக்கும் சேர்த்துப் போட்டால்தான் இந்த விலை என்றார், இரண்டுக்கே அதே விலைக்கு இறங்கி வர இன்னொரு போன் கால்தான் தேவைப்பட்டது. விஎம்சி வாங்குவது பழைய இயந்திரத்துக்குப் பதிலாக என்பதால் வட்டி மானியத்தை மட்டும் நம்பி, புரோப்பும் ஈதர்நெட்டும் இன்வாய்ஸின் உள்ளேயே வரும்படி புது கொட்டேஷன் கேட்டிருக்கிறார். அவரைவிடப் பெரிதாக, பக்கத்து ஷெட்டையும் வாடகைக்கு எடுத்து நாலு புது இயந்திரம் இறக்கும் யோசனையில் இருப்பவருக்கு இந்த வரிசை பொருந்தாது, அவர் நேராக 25 சதவீதத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் ஆர்டர் போடுவதற்கு முன்பே தொழில் மையத்தில் ஒருமுறை பேசிவிட்டு.

நேற்றுப் போன் பண்ணினார். உத்யம் சான்றிதழைப் புதிதாக இறக்கிப் பார்த்தாராம், இப்போது குறு நிறுவனம் என்று வந்திருக்கிறதாம். பழைய பிரேமிலேயே இதை மாட்டிவிட்டேன் என்றார்.